ஐம்பதில் வளையுமா மூங்கில்? செல்லூர் மொட்டை மாடியில் ஒரு புல்லாங்குழல் பாடம்

சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம் மதுரை வீடுகள் பலவற்றில் டி.வி ஸ்டாண்டின் மேல் ஒரு புல்லாங்குழல் கிடக்கும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போன இடத்தில், நீளக் கம்பில் குழல்களைக் கொத்தாகச் செருகிக்கொண்டு சினிமாப் பாட்டை ஊதியபடியே வந்தவரிடம் பேரனுக்காக வாங்கியது. பேரன் இரண்டு நாள் ஊதிப் பார்ப்பான். "காத்துதான் வருது" என்று மூன்றாம் நாள் மொபைலுக்குத் திரும்பிவிடுவான்.

நான்காம் நாள், வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, தாத்தா அதைக் கையில் எடுக்கிறார்.

அவர் செல்லூர்க்காரர் என்றே வைத்துக்கொள்வோம். வயது 61. பாதி ஆயுள் தறியிலும், மீதி ஆயுள் ஜவுளிக்கடையிலும் கழிந்தது. பிள்ளைகளைக் கரையேற்றியாகிவிட்டது. சின்ன வயதில் கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அவர் கன்னம் உப்புவதையே பார்த்துக்கொண்டிருந்த பையன்தான் அவர். "எனக்கும் கத்துக்கணும்" என்று வீட்டில் சொன்னதில்லை. சொன்னாலும் நடந்திருக்காது. இப்போது கையில் ஒரு குழல். உதட்டில் வைத்து ஊதுகிறார். பேரன் சொன்னது சரிதான், காத்துதான் வருகிறது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா உள்ளே வருகிறார். "ஏங்க, இந்த வயசுல எதுக்குங்க இது?"

இந்தக் கேள்விக்குத் தமிழில் ஒரு பழமொழியே உண்டு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? கேட்டதும் பலரும் குழலைத் திரும்ப டி.வி மேலேயே வைத்துவிடுகிறார்கள். ஆனால், வளைய வேண்டியது எது என்று அந்தப் பழமொழியிடம் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மூங்கில் வளைய வேண்டியதில்லை. அது நேராக இருந்தால்தான் குழல். விரல் கொஞ்சம் பழக வேண்டும், மூச்சு கொஞ்சம் அடங்க வேண்டும். உண்மையில் வளைய வேண்டியது வேறொன்று.

முதல் எதிரி மூச்சு அல்ல

அறுபது வயதில் ஒருவருக்கு வீட்டில், தெருவில், வேலை பார்த்த இடத்தில் ஒரு மரியாதை சேர்ந்திருக்கும். 'அவருக்குத் தெரியாததா' என்று நாலு பேர் யோசனை கேட்க வருவார்கள். அந்த மனிதர் குழலை எடுத்ததும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் கிறுக்குகிற நிலைக்கு இறங்க வேண்டியிருக்கிறது. அதுவும் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி.

ஓவியம் கற்றால் நோட்டை மூடி வைத்துக்கொள்ளலாம். இங்கிலீஷ் கற்றால் மனதுக்குள் சொல்லிப் பார்க்கலாம். ஊதுகிற கருவியில் தப்பு எல்லாம் சத்தமாகத்தான் வரும். "என்ன தாத்தா, குக்கர் விசில் மாதிரி இருக்கு" என்று பேத்தி சிரித்தால், அதைத் தாண்டி அடுத்த மூச்சை எடுக்க வேண்டும். வளைய வேண்டியது இதுதான், இத்தனை வருடம் நிமிர்த்தி வைத்த தலை.

தெரியாதவராக மறுபடி உட்காருவது சாதாரண ஆட்களுக்கு மட்டும் வந்த சோதனையும் அல்ல. பண்டிட் ஹரிபிரசாத் சௌராசியா வானொலியிலும் மும்பைத் திரையிசையிலும் பெயர் வாங்கிய பிறகுதான் அன்னபூர்ணா தேவியிடம் சிஷ்யராகச் சேரப் போனார். அவர் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. கற்றதையெல்லாம் மறந்துவிட்டு வரத் தயார் என்பதைக் காட்ட, வலது பக்கம் பிடித்து வாசித்துவந்த குழலை சௌராசியா இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். விரல்கள் எல்லாம் இடம் மாறும். தெரிந்த ராகம்கூடத் தெரியாததாகிவிடும். அதிலிருந்து மறுபடி மேலே வந்தவர்தான் உலகம் அறிந்த சௌராசியா. அவர் அப்போதும் இளைஞர்தான், அறுபது வயதுக்காரர் அல்ல. ஆனாலும் அவர் செய்த முதல் காரியம், 'எனக்குத் தெரியும்' என்பதை வாசலில் கழற்றிவைத்தது. அதற்கு வயது வரம்பு கிடையாது.

"விரல் மடங்குமா?"

அடுத்த பயம் இது. காலையில் எழுந்தால் விரல் விறைப்பு, மூட்டு வலி. இந்தக் கையை வைத்துக்கொண்டு துளையை மூடித் திறப்பதா?

இதற்கான பதில் செல்லூர் இருக்கிற அதே வைகை வடகரையில், அண்ணா நகரில் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்தது. நீண்ட நாள் படுக்கையில் கிடந்தார். விரல்கள் கோணி நின்றுவிட்டன. பிரசவ மருத்துவராகும் ஆசையைக் கைவிட்டுக் கண் மருத்துவம் படித்தார். அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி, தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு, 1976-ல், 58 வயதையொட்டி 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை.

அறுவை சிகிச்சையும் புல்லாங்குழலும் ஒன்றல்ல. ஆனால், கோணிய விரலுக்குக் கண்ணுக்குள் வேலை செய்யப் பழக்க முடிந்தது என்றால், விறைத்த விரலுக்கு ஒரு துளையை மூடப் பழக்குவது முடியாத காரியமாகத் தெரியாது. எத்தனை மாதம் ஆகும் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும்.

விரல் சிரமம் உள்ளவர்களுக்குக் கருவியிலேயே ஒரு சலுகையும் உண்டு. சுருதி ஏற ஏற குழல் குட்டையாகும். துளைகளின் இடைவெளியும் குறையும். அதனால் நீளமான, கீழ் சுருதிக் குழலின் கம்பீரத்தில் மயங்கி அதையே முதலில் வாங்க வேண்டியதில்லை. கைக்கு அடக்கமான குழலில் ஆரம்பித்து, பழகிய பிறகு பெரியதற்கு மாறலாம்.

எந்தக் கருவி யாருக்கு?

'ஊதுவது' என்றாலே நம் ஊரில் முதலில் கண் முன் நிற்பது நாதஸ்வரம். அதிலும் மதுரைக்குத் தனிப் பெருமை உண்டு. 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கணேசன் கையில் இருந்த நாதஸ்வரத்துக்கு உண்மையில் மூச்சு கொடுத்தவர்கள் மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி. ஆண்களே வாசித்துவந்த அந்தக் கருவியைக் கையில் எடுத்து மேடையேறிய முன்னோடிப் பெண்களில் ஒருவரும் மதுரைக்காரர்தான், எம்.எஸ். பொன்னுத்தாய்.

ஆனால், அறுபதில் முதல் கருவியாக நாதஸ்வரம் கொஞ்சம் கடினம். சீவாளியை உதட்டில் கவ்வி, அழுத்தம் குறையாமல் ஊத வேண்டும். வயிற்றுப் பலம், தாடைப் பலம் இரண்டும் தேவை. தெருவுக்கே கேட்கும். ஏற்கெனவே பாட்டுப் பயிற்சியும் நல்ல உடல்நிலையும் இருந்து, ஆசிரியரும் சரி என்றால் தாராளமாக முயலலாம். ஊதாவிட்டாலும் அந்தக் கருவியைப் பற்றித் தெரிந்துகொள்வதே ஒரு சுகம். ஆச்சா மரத்தில் கடைந்து நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டைக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை காலத்தில், நீளம் கூடிய 'பாரி' நாதஸ்வரம் உருவாகி நிலைபெற்றதும் அந்த ஊர்க் கைவினைஞர்களால்தான்.

கிளாரினெட், சாக்ஸபோன் இரண்டும் மேல்நாட்டிலிருந்து வந்து நம் ராகங்களுக்குப் பழகிய கருவிகள். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டையும், மங்களூர்ப் பக்கத்துக் கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனையும் கர்நாடக மேடையில் உட்கார வைத்தார்கள். கத்ரி நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி அதற்கு மாறியவர். 'டூயட்' படத்தில் காதில் விழுவது அவருடைய மூச்சுதான். உலோகத்தில் செய்த சாக்ஸபோன் எப்படி மரக் காற்றுக் கருவிகளோடு சேர்ந்தது என்று சிலருக்குச் சந்தேகம் வரும். உடம்பு பித்தளையானாலும், ஓசையைப் பிறப்பிப்பது வாயில் இருக்கும் மெல்லிய நாணல் பட்டை. அதனால்தான் அந்த வரிசை.

இந்த இரண்டிலும் முதல் நாளே சத்தம் வந்துவிடும் என்பது நல்ல செய்தி. கருவியின் விலையும் எடையும் அதிகம், அவ்வப்போது ரீடு மாற்றும் செலவும் உண்டு என்பது மறுபக்கம். மேல் பல் வாய்முனையில் பதிய வேண்டும் என்பதால் பல் செட் கட்டியவர்களுக்குச் சங்கடம் வரலாம்.

மிச்சம் இருப்பது புல்லாங்குழல். பல்லை நம்பியிராது. பையில் வைத்து எடுத்துப் போகலாம். விலையும் மற்ற கருவிகளைவிடக் குறைவு. அதன் ஒரே கெட்ட குணம், முதல் சத்தம் வரச் சில நாள்கள் காக்க வைக்கும்.

திருவிழாக் குழல் போதாதா?

பேரனின் குழலிலேயே கற்கலாமா என்றால், ஊதிப் பார்க்கலாம், பாடம் படிக்க முடியாது. விளையாட்டுக்காகச் செய்த குழல்கள் பலவற்றில் துளைகள் சுருதி பார்த்துப் போட்டதாக இருக்காது. தப்பு தன்னுடையதா, குழலுடையதா என்று தெரியாமல் கற்றுக்கொள்பவர் குழம்பிப்போவார். கர்நாடக இசைக் குழலில் ஊதும் துளை தவிர விரலுக்கு 8 துளைகள். ஆசிரியரைப் பார்த்துச் சுருதியைக் கேட்டுக்கொண்டு, அவர் ஊதிப் பார்த்து நல்லது என்று சொன்ன குழலை வாங்குவதே சரி.

மதுரை வெயிலில் மூங்கில் விரிசல் விடும். மொட்டை மாடிச் சுவர்மேல் வெயிலில் விட்டு வரக் கூடாது. ஊதி முடித்ததும் உள்ளே உள்ள ஈரத்தைத் துணியால் துடைக்க வேண்டும். விரியாமல் இருக்கக் குழலில் ஆங்காங்கே நூல் சுற்றி இறுக்குவார்கள். நெசவாளர் ஊரில் நூலுக்கும் பஞ்சமில்லை, சுற்றத் தெரிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை.

முதல் மாதம் என்ன நடக்கும்?

முதல் வாரம் வெறும் காற்று. காலி பாட்டில் வாயில் ஊதிச் சத்தம் வரவழைத்த சின்ன வயது விளையாட்டு ஞாபகம் இருந்தால் அதுவே பாடம். காற்றைத் துளைக்குள் தள்ளக் கூடாது, அதன் எதிர் விளிம்பில் மோதவிட வேண்டும். கண்ணாடி முன் நின்று உதட்டைப் பார்த்துக்கொண்டு ஊதினால் இடம் சீக்கிரம் பிடிபடும்.

ஐந்து நிமிடத்தில் தலை சுற்றும். பயப்பட வேண்டாம். தேவைக்கு மேல் மூச்சை வேகமாக வெளியே விடுவதால் வருவது அது. குழலை வைத்துவிட்டு உட்கார்ந்து, சாதாரணமாக மூச்சு விட்டால் அடங்கிவிடும். நின்றுகொண்டு, அதுவும் மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நின்றுகொண்டு ஊதுவதை ஆரம்பத்தில் தவிர்ப்பது நல்லது.

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் ஒருநாள், எதிர்பாராத நேரத்தில், ஒரு சுத்தமான ஓசை வரும். ஒரு நொடிதான். அடுத்த மூச்சில் காணாமல் போய்விடும். ஆனால் வந்ததை உதடு மறக்காது.

அதன் பிறகு விரல். கர்நாடகக் குழலில் 'ஸ' வாசிக்க மேலே உள்ள இரண்டு துளைகளை மூடினால் போதும். அந்த ஒரு சுரத்தை மொபைலில் ஓடும் தம்பூரா ஆப்போடு சேர்த்து நீட்டி நீட்டி ஊதுவதுதான் முதல் மாதப் பாடம். பாட்டு வகுப்புகளில் சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் ஆரம்பிப்பது வழக்கம். குழலில் அதற்குச் சில துளைகளைப் பாதி மூட வேண்டியிருக்கும். அதனால் சில ஆசிரியர்கள் முழுத் துளைகளிலேயே வருகிற ஹரிகாம்போதியின் சுரங்களில் தொடங்கி வைப்பார்கள். 'பாட்டு எப்போ வரும்?' என்று அவசரப்படும் பெரியவர்களுக்கு இது ஓர் ஆறுதல்.

ஆனால் அந்த அவசரம்தான் பலரையும் பாதியில் நிறுத்துகிறது. சின்னப் பிள்ளைக்கு 'ஸ' நன்றாக வந்தாலே பெருமை. பெரியவரின் காது ஐம்பது வருடமாக நல்ல இசையைக் கேட்டுப் பழகிவிட்டது. தன் குழலில் வருவதற்கும் தன் காது கேட்க நினைப்பதற்கும் உள்ள தூரம் அவருக்குத் தெளிவாகத் தெரியும். அது வேதனைதான். ஆனால் வழிகாட்டுவதும் அந்தக் காதேதான். தப்பு எது என்று தெரிவதற்கே சின்னப் பிள்ளைகளுக்கு வருடங்கள் ஆகும். இவருக்கு அது முதல் நாளே தெரிகிறது.

மூச்சுக்கு என்ன லாபம்?

'ஊதினால் நுரையீரலுக்கு நல்லது' என்று பொதுவாகச் சொல்வார்கள். பொத்தாம் பொதுவாகச் சொல்வதைவிட, அளந்து பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்லலாம். அது சுவிட்சர்லாந்தில் நடந்தது.

ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் நீண்ட மர ஊதுகுழல் டிஜெரிடூ. அதைக் கற்றுக்கொடுத்த ஓர் ஆசிரியர், தனக்கும் தன் மாணவர்கள் சிலருக்கும் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்திருப்பதைக் கவனித்தார். மருத்துவர்கள் அதைச் சோதனையாகவே நடத்திப் பார்த்தார்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் 'ஸ்லீப் ஆப்னியா' பிரச்னை மிதமாக உள்ள 25 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 14 பேருக்கு டிஜெரிடூ கற்றுக்கொடுத்தார்கள். வாரத்தில் 5 நாளாவது, நாளுக்கு 20 நிமிடமாவது ஊத வேண்டும் என்பது பேச்சு. நாலு மாதம் கழித்துப் பார்த்தபோது, கற்காதவர்களைவிட இவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்திருந்தது. பக்கத்தில் படுப்பவர்களும், தங்கள் தூக்கம் கெடுவது குறைந்திருக்கிறது என்றார்கள். 2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான இந்த ஆய்வுக்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான 'இக் நோபல்' 2017-ல் கிடைத்தது.

25 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. டிஜெரிடூ வேறு, புல்லாங்குழல் வேறு. மூக்கில் மூச்சை இழுத்துக்கொண்டே கன்னத்துக் காற்றை வெளியே விடும் தொடர் மூச்சு அதில் உண்டு. நம் ஊரில் மகுடி ஊதுபவர்களிடம் பார்க்கலாம். புல்லாங்குழல் ஆரம்பப் பாடத்தில் அது கிடையாது. ஆகவே குறட்டைக்கு வைத்தியம் என்று குழலை வாங்க வேண்டாம், டாக்டர் கொடுத்த மெஷினை நிறுத்தவும் வேண்டாம். அந்த ஆய்வில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அதற்கு முன் அந்தக் கருவியைத் தொட்டிராத பெரியவர்கள், நாளுக்கு 20 நிமிடம் என்ற கணக்கில் நாலே மாதத்தில் தங்கள் தொண்டைத் தசைகளை ஒரு புது வேலைக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை

சிலர் ஆரம்பிக்கும் முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். கண் அழுத்தம், அதாவது குளுக்கோமா உள்ளவர்கள் முதலில். அழுத்தி ஊத வேண்டிய கருவிகளில், ஊதுகிற நேரத்தில் கண் அழுத்தம் உயரக்கூடும். சமீபத்தில் கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், இதய நோய் அல்லது கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். 'ஊதாதீர்கள்' என்றே எல்லா டாக்டரும் சொல்லிவிட மாட்டார்கள். எந்தக் கருவி, எவ்வளவு நேரம் என்பதில்தான் பதில் இருக்கும்.

கற்றுக்கொடுக்க ஆள் உண்டா?

தமிழக அரசின் மாவட்ட இசைப் பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் குறைந்த கட்டணத்தில் கற்றுத் தருகிறார்கள். ஒரு காலத்தில் சில குடும்பங்களுக்குள் மட்டும் இருந்த வித்தை எல்லோருக்கும் திறந்ததில் அந்தப் பள்ளிகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் அங்கே சேர வயது 12 முதல் 25 வரைதான். மதுரை பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. அதுவும் இளைஞர்களை மனதில் வைத்து நடப்பது. தொழிலுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் இடம் என்பதால் அதில் நியாயம் இருக்கலாம். 61 வயதுக்காரருக்கு மிஞ்சுவது தனி ஆசிரியர், அல்லது மொபைலில் வரும் ஆன்லைன் வகுப்பு.

வேறு மாதிரியும் யோசிக்கலாம் என்று காட்டியவர் அமெரிக்காவின் ராய் எர்ன்ஸ்ட். ரோச்செஸ்டர் நகரில் உள்ள ஈஸ்ட்மன் இசைப் பள்ளிப் பேராசிரியரான அவர், 1991-ல் 50 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே ஒரு பேண்டு ஆரம்பித்தார். பெயர் 'நியூ ஹொரைசன்ஸ்'. அதுவரை கருவியையே தொடாதவர்களும் சேரலாம். புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு, சேர்ந்து கற்று, சேர்ந்தே வாசிப்பார்கள். அந்த யோசனை மற்ற ஊர்களுக்கும் வேறு நாடுகளுக்கும் பரவியது. தப்பாக ஊதினால் பக்கத்தில் இருப்பவரும் தப்பாகத்தான் ஊதுகிறார். பாதி வெட்கம் அங்கேயே போய்விடும்.

மதுரைக்கு இது ஒத்துவராத யோசனை அல்ல. காலையில் நடைப்பயிற்சிக்கு நாலு பேர் சேர்கிறார்கள், யோகாவுக்குப் பத்துப் பேர் சேர்கிறார்கள். தெருவில் மூன்று பெரியவர்கள் சேர்ந்து ஓர் ஆசிரியரை வாரம் ஒருநாள் வரவழைத்தால் செலவும் பங்காகும், துணையும் கிடைக்கும். கச்சேரியும் கல்யாண முகூர்த்தமும் இல்லாத மாதங்களில் வருமானம் குறைகிற ஒரு கலைஞருக்கு, நின்று கற்கும் மூன்று மாணவர்கள் என்பது சின்ன விஷயமும் அல்ல.

ஆசிரியர் தேடும்போது ஒன்றைக் கவனித்தால் போதும். வயதைக் கேட்டதும் சிரிக்கிறாரா, 'எவ்வளவு நேரம் உட்கார முடியும்?' என்று கேட்கிறாரா? இரண்டாவது ஆள்தான் சரியானவர். அவர் தன்னைவிட முப்பது வயது சின்னவராக இருக்கலாம். 'தம்பி' என்று கூப்பிடத் தோன்றும். வகுப்பு நேரத்தில் மட்டும் 'சார்' என்று சொல்லிப் பழகிக்கொள்வது இருவருக்குமே நல்லது.

அம்மாக்களுக்கும்தான்

மேலே சொன்னதில் 'தாத்தா' என்று இருப்பதால் இது ஆண்கள் விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். 'பொம்பளை குழல் ஊதலாமா?' என்ற பேச்சை மேடையிலேயே முடித்து வைத்தவர்கள் சிக்கில் சகோதரிகள் குஞ்சுமணியும் நீலாவும். குழல் வாசித்தே 2002-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதை வாங்கினார்கள். பிள்ளைகளை ஸ்கூலுக்கும் வீட்டுக்காரரை வேலைக்கும் அனுப்பிவிட்டு, அடுத்த அடுப்பு பற்ற வைக்கும் முன் கிடைக்கிற 20 நிமிடம் போதும். அந்த 20 நிமிடத்தைக் கேட்டு வாங்குவதுதான் கஷ்டம். 'அம்மா கொஞ்ச நேரம் ஊதிக்கிட்டு இருக்கேன், காபி நீங்களே போட்டுக்கோங்க' என்பது ஒரு வீட்டில் சொல்லப்படும்போது, அங்கே குழலைவிடப் பெரிய ஒன்று கற்கப்படுகிறது.

பக்கத்து வீடு

செல்லூர் போன்ற இடத்தில் ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒரு வீட்டுக் குழம்பு வாசனையே அடுத்த வீட்டுக்குப் போகும்போது குழல் ஓசை போகாதா? ஆரம்பிக்கும் முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. "காலைல ஆறரைல இருந்து கால் மணி நேரம் ஊதுவேன், தொந்தரவா இருந்தா சொல்லுங்க" என்று முதலிலேயே சொன்னவரிடம் யாரும் சண்டைக்கு வருவது அபூர்வம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிற வீடு, நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர் இருக்கிற வீடு என்றால் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

தறிச் சத்தத்தோடு வளர்ந்த ஊர் இது. நாள் முழுக்க 'டடக் டடக்' கேட்டுக்கொண்டே தூங்கியும் படித்தும் பேசியும் பழகியவர்கள். மாடியிலிருந்து வரும் ஒரு தடுமாறுகிற 'ஸ'-வை இந்தத் தெரு தாங்கிக்கொள்ளும்.

சரி, கடைசியில் என்ன கிடைக்கும்?

அரங்கேற்றம் கிடைக்காமல் போகலாம். ஐந்து வயதில் தொடங்கியவர் எட்டுகிற இடத்தை அறுபதில் தொடங்கியவர் எட்டுவது கடினம். அந்தப் பழமொழி அந்த அளவுக்கு உண்மைதான். ஒரு வருடம் விடாமல் ஊதினால் வரிசைகளும், ஒன்றிரண்டு கீதமும், பிடித்த ஒரு பழைய பாட்டின் பல்லவியும் வரலாம். சிலருக்கு அதுவும் தாமதமாகலாம்.

ஆனால் நிச்சயமாகக் கிடைப்பது ஒன்று இருக்கிறது, புதிய காது. செல்லூரின் திருவாப்புடையார் கோயிலிலோ, ஒரு கல்யாண மண்டபத்திலோ நாதஸ்வரம் கேட்கும்போது முன்பெல்லாம் 'நல்லா வாசிக்கிறார்' என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனவர், இப்போது போக மாட்டார். அந்த மனிதர் எங்கே மூச்சு எடுத்தார், எடுத்ததே தெரியாமல் எப்படி எடுத்தார், அந்தச் சுரத்தை இவ்வளவு நேரம் நடுங்காமல் எப்படி நிறுத்தினார் என்று பார்த்துக்கொண்டு நிற்பார். தன் 'ஸ' நாலு நொடியில் உடைந்துபோவது அவருக்குத் தெரியும். அதனால் எதிரே நடப்பது எத்தனை வருட உழைப்பு என்பதும் தெரியும்.

தாலி கட்டும் நேரத்தில் 'கெட்டிமேளம்' என்று கைகாட்டுவதற்கு மட்டும் திரும்பிப் பார்க்கப்படும் கலைஞர், கூட்டத்தில் ஒருவர் தன் மூச்சைக் கவனிக்கிறார் என்பதைக் கண்டுகொள்வார். வாசித்து முடித்ததும் அவர் அருகில் போய், "அந்த இடத்துல மூச்சு எப்படிங்க நின்னுச்சு?" என்று கேட்டால் போதும். கல்யாணப் பரபரப்பில் அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சின்ன வயதில் கோயிலில் நாதஸ்வரக்காரர் பக்கத்தில் நின்ற பையனுக்கு அன்று கேட்க வாயில்லாமல் போன கேள்வி அது. கேட்பதற்கு அறுபது வயது ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

டி.வி மேல் இருக்கும் குழலில் தூசு படிந்திருந்தால், இன்று மாலை அதைத் துடைத்து எடுத்துப் பாருங்கள். முதல் நாள் காத்துதான் வரும்.